கொமினிகேஷன் மேசையிலிருந்து தொடங்குவோம்: நமது தகவலை நாமே காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சில மாதங்களுக்கு முன் மட்டக்களப்பு நகரில் ஒரு கொமினிகேஷனில் போட்டோ கொப்பி எடுக்க நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா. மகனின் கடவுச்சீட்டைப் போனில் வைத்திருந்தா. கடைத்தம்பி சுவரில் ஒட்டியிருந்த இலக்கத்தைக் காட்டினான். "இந்த நம்பருக்கு வட்ஸ்அப்புல போட்டு விடுங்கம்மா, அடிச்சுத் தாறன்." அவ அனுப்பினா. அவன் தரவிறக்கி, அச்சடித்து, இருபது ரூபா வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

கணினித் திரை எங்கள் பக்கமாகவே திரும்பியிருந்தது. டவுன்லோட்ஸ் பெட்டியில் வரிசையாகக் கிடந்தவற்றை நிற்கிற எல்லோரும் பார்க்கலாம்: ஒரு பெண்ணின் ஸ்கேன் அறிக்கை, யாரோ ஒருவரின் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், விவாகரத்து வழக்கின் அழைப்பாணை, அடையாள அட்டைகள் எத்தனையோ. தம்பி நல்ல பிள்ளை, அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அவற்றை அழிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கண்காணிப்பு என்றால் அமெரிக்க உளவு நிறுவனம், 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், போனுக்குள் புகும் பெகசஸ் மென்பொருள் என்றுதான் பேசுகிறோம். அவை உண்மையான ஆபத்துகள். ஆனால் கல்லடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கிற ஒருவரின் தகவல் முதலில் கசிவது பக்கத்தில் இருக்கிற கையால். கொமினிகேஷன், போன் திருத்தும் கடை, இன்னொருவர் பெயரில் எடுத்த சிம், குடும்பக் குழு, ஸ்டூடியோ. தூரத்துக் கண்கள் அதற்குப் பிறகுதான். ஆகவே இந்த வழிகாட்டியும் கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போகிறது.

"எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போர்க்காலச் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிக்கு முன்னால் வரிசையாக நின்ற தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. பெயர், முகவரி, யாரோடு யார் பேசினார்கள் என்ற பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். தவறே செய்யாதவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

படி 1: அடையாள அட்டை

உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் உங்கள் பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 1988 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு எப்போதும் 29 என்று கணக்கு, மார்ச்சில் ஒன்று, ஆக 61. அதோடு 500. அவவின் இலக்கம் 88561 என்று தொடங்கும். புதிய 12 இலக்க அட்டையில் 1988561. இலக்கத்தை மட்டும் பார்த்தே வயது, பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்.

பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாகவோ வங்கி அட்டையின் இரகசிய இலக்கமாகவோ வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள். அட்டையின் பிரதி யாருக்காவது கொடுக்க வேண்டுமானால், பிரதியின் குறுக்கே பேனாவால் இரண்டு கோடு போட்டு நடுவில் "சிம் பதிவுக்கு மட்டும்" என்பது போலக் காரணத்தையும் திகதியையும் எழுதுங்கள். எழுத்து படத்தின் மேல் கொஞ்சம் ஏற வேண்டும், இலக்கத்தை மறைக்கக் கூடாது. போனில் அனுப்பும் படத்திலும் இதையே செய்யலாம். படத்தைத் திருத்தும் பகுதியில் எழுதுவதற்கான வசதி பெரும்பாலான போன்களில் உண்டு.

படி 2: கொமினிகேஷனில்

கையில் தாள் இருந்தால் தாளையே இயந்திரத்தில் வைத்துப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். போனில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அனுப்பத்தான் வேண்டும். அச்சடித்து முடிந்ததும் அந்த இடத்திலேயே நின்று, "தம்பி, டவுன்லோட்ஸ்ல இருந்தும் ரீசைக்கிள் பின்ல இருந்தும் இத அழிச்சு விடுங்க" என்று கேளுங்கள். பிறகு உங்கள் வட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை "டிலீட் ஃபோ எவ்ரிவன்" கொடுங்கள். இரண்டாவதை மட்டும் செய்தால் போதாது. அது உரையாடலில் இருந்துதான் மறையும், கணினியில் இறங்கிய கோப்பு அப்படியே கிடக்கும். கேட்பதற்கு முதல் தடவை கூச்சமாக இருக்கும். நான் கேட்டபோது கடைத்தம்பி முகம் சுளிக்கவில்லை, நான் காட்டிய பழைய கோப்புகளையும் சேர்த்தே அழித்தான்.

கடைக் கணினியில் உங்கள் வட்ஸ்அப்பையோ ஜிமெயிலையோ திறந்து வேலை செய்தீர்களா? வீட்டுக்கு வந்து வட்ஸ்அப் செட்டிங்ஸில் "லிங்க்ட் டிவைசஸ்" என்பதைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் அங்கே இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். வீட்டுக்குள்ளேயே மனைவியின், தங்கச்சியின், மகளின் செய்திகளை இப்படி இரகசியமாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை இந்த இடத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்னொன்று. நம் பெரியவர்கள் பலருக்கு ஜிமெயிலும் முகநூலும் திறந்து கொடுத்தது யாரோ ஒரு கடைக்காரர்தான். கடவுச்சொல் பெரும்பாலும் அவர்களுடைய தொலைபேசி இலக்கமாகவே இருக்கும். கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு மின்னஞ்சல் கடைக்காரருடையதாகக்கூட இருக்கலாம். உங்கள் அம்மா, மாமி, வாப்பா, உம்மா யாருக்கென்றாலும் இந்த வார இறுதியில் பக்கத்தில் இருந்து கூகிள் கணக்கில் "செக்கியூரிட்டி" பகுதியைத் திறந்து, கடவுச்சொல்லையும் மீட்பு இலக்கத்தையும் மாற்றிக் கொடுங்கள். "யுவர் டிவைசஸ்" என்ற இடத்தில் பழைய கருவிகளை வெளியேற்றுங்கள்.

படி 3: சிம்

வங்கியின் ஒருமுறைக் குறியீடு, வட்ஸ்அப், முகநூல் எல்லாமே சிம்மில் தொங்குகின்றன. அந்த சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வெளிநாடு போன தம்பியின் பெயரிலோ முன்னாள் முதலாளியின் பெயரிலோ இருக்கிற சிம்மை, அடையாள அட்டையோடு சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கைவிட்ட இலக்கம் சில காலத்தின் பின் இன்னொருவருக்கு விற்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். இலக்கத்தை மாற்றுவதற்கு முன்னரே எல்லாக் கணக்குகளிலும் புதிய இலக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

படி 4: போனைத் திருத்தக் கொடுக்கும்போது

திரை உடைந்தால் கடையில் கேட்கும் முதல் கேள்வி "பின் நம்பர் என்ன?" தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அந்த நான்கு எண்களோடு உங்கள் படங்கள், உரையாடல்கள், வங்கிச் செயலி எல்லாம் ஒரு மாலைப்பொழுது முழுக்க இன்னொருவர் மேசையில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் திருமணப் படங்கள் அப்படித்தான் வெளியே போயின. அவ யாரையும் குற்றம் சொல்ல முடியாமல் இலக்கத்தை மாற்றி, முகநூலை மூடி, ஒரு வருடம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தா.

சம்சுங் போன்களில் "மெயின்டனன்ஸ் மோட்" என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவருக்கு வெறும் போன்தான் தெரியும், உங்கள் படமோ செய்தியோ தெரியாது. கூகிள் பிக்சல் போன்களில் அதே வேலையைச் செய்வது "ரிப்பெயர் மோட்". உங்கள் போனில் அப்படி ஒன்று இல்லையென்றால், முக்கியமானவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு முழுமையாக ரீசெட் செய்து கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்ட்டையும் கட்டாயம் கழற்றுங்கள். அண்மைக்கால போன்களில் உள் சேமிப்பு மறையாக்கப்பட்டிருக்கும், அதாவது திறப்பு இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும், ஆகவே ரீசெட் செய்தபின் பழையதை மீட்பது மிகக் கடினம். மெமரி கார்ட் அப்படி இல்லை. அதில் நீங்கள் அழித்த படங்களைக்கூட இலவச மென்பொருளால் மீட்டுவிடலாம். எதையுமே செய்ய முடியாத அவசரம் என்றால், திருத்தி முடியும்வரை கடையிலேயே உட்கார்ந்திருங்கள்.

படி 5: வட்ஸ்அப்பை இறுக்குதல்

வட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை முனைக்கு முனை மறையாக்கம் செய்கிறது. நடுவில் இருப்பவர் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. ஆனால் நீங்கள் யாரோடு, எப்போது, எத்தனை தடவை பேசினீர்கள் என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் "எல்லாம் சேஃப்" என்று நினைக்கிறார்கள்.

முதலில் செட்டிங்ஸில் "எக்கவுண்ட்", அதற்குள் "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்". ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போடுங்கள். இது இருந்தால், உங்களை ஏமாற்றிக் குறுஞ்செய்திக் குறியீட்டை வாங்கியவனாலும் கணக்கை எளிதில் திருட முடியாது. இந்தத் திருட்டு எங்கள் ஊர்களில் பரவலாக நடக்கிறது. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்து "ஒரு கோட் தவறுதலா உங்களுக்கு வந்துட்டுது, அனுப்புங்க" என்று செய்தி வரும். அனுப்பிய மறு நிமிடம் உங்கள் பெயரில் உங்கள் குடும்பக் குழுவிடம் பணம் கேட்கப்படும்.

அடுத்தது பெக்கப். உரையாடல்கள் கூகிள் டிரைவில் சேமிக்கப்படும்போது, நீங்களாக இயக்காவிட்டால் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. "சட்ஸ்", "சட் பெக்கப்", "என்ட் டு என்ட் என்கிரிப்டட் பெக்கப்" என்ற வழியில் போய் இயக்குங்கள். அதற்குக் கொடுக்கும் கடவுச்சொல்லை மறந்தால் வட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது என்பதால், அதைத் தாளில் எழுதி அலமாரிக்குள் பூட்டி வைப்பதில் தவறில்லை.

பிறகு "பிரைவசி". முகப்புப் படம், கடைசியாகப் பார்த்த நேரம், குழுவில் சேர்க்கும் உரிமை மூன்றையும் "மை கொன்டக்ட்ஸ்" ஆக்குங்கள். ஊர்ச்செய்திக் குழுவில் நீங்கள் சேர்க்கப்பட்ட நிமிடமே நூற்றுக்கணக்கான அந்நியர்களிடம் உங்கள் இலக்கம் போய்விடுகிறது. பெண்களுக்கு நள்ளிரவில் வரும் தெரியாத அழைப்புகள் பெரும்பாலும் இந்த வாசலால்தான் வருகின்றன.

உள்ளடக்கத்தோடு யாரோடு பேசினேன் என்பதும் வெளியே தெரியக்கூடாது என்ற தேவை உள்ளவர்கள், அதாவது ஊடகவியலாளர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள், வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவுபவர்கள், சிக்னல் என்ற செய்திச் செயலிக்குப் போங்கள். அது இலாப நோக்கற்ற நிறுவனம் நடத்துவது. கணக்குத் திறந்த நாள், கடைசியாக இணைந்த நாள் தவிர உங்களைப் பற்றி அதனிடம் கொடுக்க எதுவும் இல்லை. 2024 முதல் தொலைபேசி இலக்கத்தை மறைத்துப் பயனர்பெயரால் பேசும் வசதியும் உண்டு. மறைந்துபோகும் செய்திகளை ஒரு வாரத்துக்கு வையுங்கள்.

வளைகுடாவில் உறவுகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருப்பதால் பல குடும்பங்கள் வேறு செயலிகளில் முகம் பார்த்துப் பேசுகின்றன. பேசுங்கள். ஆனால் கடவுச்சீட்டு, விசா, சம்பளத் துண்டு போன்றவற்றை அந்தச் செயலிகளில் அனுப்ப வேண்டாம். வீட்டுக்குள் ஓர் இரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வளர்த்த ஆட்டின் பெயர்போல, முகநூலில் எங்கும் இல்லாத ஒன்று. "அம்மா, அவசரம், காசு போடுங்க" என்று குரலோ செய்தியோ வந்தால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். குரலைப் போலி செய்யும் கருவிகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன.

படி 6: செயலிகளின் அனுமதி

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா அவசரத்துக்கு ஒரு கடன் செயலியில் பதினையாயிரம் ரூபா எடுத்தா. செயலி தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்டது. "அலவ்" என்று அழுத்தினா. தவணை நான்கு நாள் பிந்தியதும், பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அவவின் படத்தோடு "கடன்காரி" என்று செய்தி போனது. மகளின் வகுப்பாசிரியைக்கும் போனது. அந்தக் காசை நாங்கள் சேர்ந்து கட்டி முடித்தோம். அவ பாடசாலை வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டா.

ஒரு விரல் அழுத்தத்தில் அவவுடைய தகவலோடு எங்கள் எல்லோருடைய இலக்கங்களும் போய்விட்டன. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளும் இப்படிப் பலருடைய தொடர்புப் பட்டியல்களைத் திரட்டித்தான் பெயர்களைச் சேர்க்கின்றன. நீங்கள் நிறுவாவிட்டாலும் உங்கள் பெயர் அங்கே இருக்கலாம்.

போனில் செட்டிங்ஸ், பிரைவசி, "பெர்மிஷன் மனேஜர்" என்று போங்கள். கொன்டக்ட்ஸ், மைக்ரோஃபோன், கமெரா, லொகேஷன், எஸ்எம்எஸ் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். டோர்ச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு? பஞ்சாங்கச் செயலிக்கு மைக் எதற்கு? எடுத்துவிடுங்கள். இருப்பிட அனுமதி "பாவிக்கும்போது மட்டும்" என்றால் போதும். மூன்று மாதம் திறக்காத செயலியை நீக்குங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே, வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை, எந்தக் காரணத்துக்காகவும் நிறுவ வேண்டாம்.

படி 7: கடவுச்சொல்

தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். வங்கி, மின்னஞ்சல், முகநூல் மூன்றுக்கும் வேறு வேறு. நினைவில் வைக்க முடியாவிட்டால் பிட்வோர்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகம் இலவசமாகக் கிடைக்கிறது. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லாவற்றிலும் இருக்கட்டும். முடிந்தால் குறுஞ்செய்திக்குப் பதிலாக, அந்தக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஒதென்டிகேட்டர் செயலி.

படி 8: பிள்ளைகளின் படங்கள்

சாமத்திய வீடு முடிந்த மறுநாள் ஸ்டூடியோவின் முகநூல் பக்கத்தில் முழு அல்பமும் ஏறிவிடுகிறது. பிள்ளையின் பெயர், ஊர், பெற்றோர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். அவ பருவமடைந்த செய்தியும் வயதும் உலகத்துக்கே தெரியும். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. முற்பணம் கொடுக்கும்போதே "எங்கள் படம் எதையும் விளம்பரத்துக்குப் போடக் கூடாது" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரை வைத்து, மெமரி கார்ட்டையும் வீட்டாரே வாங்கிக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொருந்தும் வழி அது.

பாடசாலைச் சீருடையும் இலச்சினையும் தெரியும் படம், பிள்ளை தினமும் எங்கே எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைச் சொல்லிவிடும். போனில் எடுத்த மூலப்படத்தில் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கும், "டொக்கியுமென்ட்" ஆக அனுப்பினால் அப்படியே போகும். கமெரா செட்டிங்ஸில் லொகேஷனை நிறுத்திவிட்டால் இந்தக் கவலை இல்லை.

மற்றவர்களைப் படம் எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஓர் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் குற்றம் சாட்டி, கும்பல் சூழ்ந்து நின்று ஒருவரை மிரட்டிச் சொல்லவைத்த வீடியோ முகநூலில் பரவியது. உணவில் அப்படி எதுவும் இருக்கவில்லை என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதனின் முகம் அவன் சம்மதமில்லாமல் போனில் ஏறியபோது நடந்தது அது.

படி 9: உலாவியும் விபிஎன்னும்

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, நம்மில் பலர் கையில் கிடைத்த இலவச விபிஎன்னைப் போட்டோம். பலரது போனில் அது இன்னும் கிடக்கிறது. விபிஎன் என்பது, உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொருவரின் கணினி வழியாக அனுப்பி, இணைய நிறுவனத்துக்குத் தெரிந்ததை விபிஎன் நடத்துபவருக்குத் தெரியவைப்பது. யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இலவசச் செயலியை நீக்கிவிடுங்கள். தொலைபேசிக் கோபுரத்தோடு போன் தொடர்பில் இருக்கும்வரை நீங்கள் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பதை எந்த விபிஎன்னாலும் மறைக்க முடியாது. உலாவியில் இருக்கும் இன்கொக்னிட்டோ முறை உங்கள் போனில் வரலாறு சேராமல் தடுக்கும், அவ்வளவே. ஃபயர்பொக்ஸ் உலாவியில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தால் பின்தொடரும் விளம்பரங்கள் பெருமளவு நிற்கும்.

படி 10: அரசின் கண்

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. முகநூல் பதிவுக்காக அதன் கீழ் கைதாகி, மாதக்கணக்கில் தடுப்பில் இருந்த தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பேசாதிருங்கள் என்று நான் சொல்லவில்லை. நினைவுகூரவும் நீதி கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. எதை, எந்தக் கணக்கில், யார் பார்க்கும்படி போடுகிறோம் என்பது நம் தெரிவாக இருக்க வேண்டும் என்கிறேன். முகநூல் பிரைவசியில் "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்" என்பதை அழுத்தினால், பகிரங்கமாகக் கிடக்கும் பழைய பதிவுகள் எல்லாம் ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறும். நண்பர் பட்டியலையும் மறையுங்கள். உங்களால் உங்கள் நண்பர்கள் விசாரிக்கப்படக் கூடாது.

போராட்டத்துக்கோ நினைவேந்தலுக்கோ போகும்போது கைரேகைத் திறப்பை நிறுத்தி, ஆறு இலக்கப் பின் மட்டும் வையுங்கள். பூட்டிய திரையில் செய்திகள் தெரியாமல் ஆக்குங்கள்.

விசாரணைக்கு வரச்சொல்லித் தொலைபேசியில் அழைப்பு வந்தால், எந்தப் பிரிவு, எந்த விடயம் என்று கேட்டு, எழுத்தில் தரும்படி சொல்லுங்கள். போவதற்கு முன் சட்டத்தரணியோடு பேசுங்கள், வீட்டில் ஒருவரிடம் விவரத்தைச் சொல்லுங்கள். போனை எடுத்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அழைப்பு வந்த பிறகு அவசரமாக எதையும் அழிக்காதீர்கள், அதுவே வேறு குற்றச்சாட்டாக மாறலாம். ஒழுங்குபடுத்துவது அமைதியான நாளில் செய்கிற வேலை. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவசர இலக்கம் 1996.

நிறுவனங்களைப் பொறுத்தவரை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் தகவலைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமையை அது பேசுகிறது. கடையோ வங்கியோ அட்டைப் பிரதி கேட்டால் "எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?" என்று இப்போதே கேட்டுப் பழகலாம்.

படி 11: ஏற்கனவே கசிந்துவிட்டால்

யாராவது உங்கள் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மீண்டும் கேட்பார்கள். முதலில் மிரட்டல் செய்தி, கணக்கின் பெயர், இலக்கம், திகதி எல்லாம் தெரிய ஸ்கிரீன் சொட் எடுங்கள். அதற்குப் பிறகே அந்த ஆளை புளொக் செய்யுங்கள். பலர் பயத்தில் முதலில் புளொக் செய்துவிட்டு, ஆதாரமில்லாமல் நிற்கிறார்கள்.

ஸ்டொப் என்சிஐஐ என்ற தளம் படத்தை வாங்காமல் அதன் எண்ணியல் கைரேகையை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கி, முகநூல், இன்ஸ்டகிராம் உள்ளிட்ட தளங்களுக்குக் கொடுக்கிறது. அதே படம் அங்கே ஏறும்போது தடுக்கப்படும். 18 வயதுக்குக் குறைந்தபோது எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்ற தளம். கணக்குத் திருட்டு, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு கணினி, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. சிறுவர் தொடர்பான முறைப்பாட்டுக்கு 1929, பெண்களுக்கு 1938. பொலிஸில் சிறுவர் மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. தனியாகப் போகப் பயமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டை உங்கள் மொழியிலேயே சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்டு, விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.